கேளுங்கள், சொல்கிறோம்: மறைப்புக்கு சைப்ரஸ் வேண்டாம், சவுக்கு போதும்

''ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். வீடும் அதற்குள்ளேயே. மேற்கே இருந்த காட்டில் பாதியை மனை பிரித்துத் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். கிணற்றடியும் துணி துவைக்கும் இடமும் சாலையில் போகிறவர்களுக்கு அப்படியே தெரிகிறது. வயசுப் பெண்கள் இருக்கும் வீடு. சுவர் கட்ட வசதியில்லை. 'வெளிநாட்டு சைப்ரஸ், வருடத்துக்கு 3 அடி வளரும், இலை கொட்டாது, 120 அடிக்கு 60 கன்று போதும்' என்று செல்போனில் விளம்பரம் பார்த்தோம். கன்று 300 ரூபாயாம். வாங்கலாமா?''

- வாசகி, ஒட்டன்சத்திரம்

வாங்காதீர்கள், சகோதரி. 18,000 ரூபாயும் இரண்டு வருட உழைப்பும் வீணாகும்.

விளம்பரத்தில் இருப்பது பொய் என்று சொல்ல முடியாது. லேலண்ட் சைப்ரஸ் என்ற அந்த ஊசியிலை மரம் இங்கிலாந்தில் உண்மையிலேயே வருடத்துக்கு 3 அடி வளரும். 1888-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு பண்ணைத் தோட்டத்தில் இரண்டு வகை சைப்ரஸ் தானாகக் கலந்து பிறந்த கலப்பினம் அது. முளைக்கும் விதை வராது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஆனால் அது குளிர்நாட்டு மரம். சித்திரை வெயிலில் நம் சமவெளி மண் சுடும் சூட்டுக்கு அதன் வேர் தாங்காது. கன்று வந்து இறங்கும்போது பச்சையாகத்தான் இருக்கும், முதல் கோடையில் உள்பக்கமிருந்து பழுப்பேறத் தொடங்கும்.

அது நன்றாக வளர்ந்த ஊரிலும் நிம்மதி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமே இல்லாமல் அடைத்துக்கொண்டு வளர்ந்ததால் தெருவுக்குத் தெரு சண்டை. கடைசியில் 2003-ல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். வரிசையாக நட்ட பசுமை மாறா மரங்கள் 2 மீட்டருக்கு மேல் போய் வெளிச்சத்தை மறைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளாட்சியில் புகார் கொடுக்கலாம். வேகமாக வளரும் மரம் நமக்கு வேண்டிய உயரத்தில் தானாக நிற்காது. சைப்ரஸ் வைத்தாலும் வேறெது வைத்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது சவுக்கு. பார்வைக்கு ஊசியிலை மரம் போலவே இருக்கும், காயும் கூம்பு போலத்தான். ஆனால் அது அந்த இனம் இல்லை, பூக்கும் மர வகை. நம் கடற்கரை மணலிலும் உள்மாவட்டச் செம்மண்ணிலும் பழகிய மரம். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும், தனியாக யூரியா தேடாது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களைத் தேர்வு செய்து வெளியிட்டிருக்கிறது. அடியிலிருந்தே கிளை அடர்ந்து வருவது அவற்றின் குணம், மறைப்புக்கு வேண்டியதும் அதுதான். நாற்றுப் பண்ணையில் கேட்கும்போது 'கம்புக்கு இல்லை, காற்றுத் தடுப்புக்கு' என்று சொல்லிக் கேளுங்கள். கம்புக்கென்று வளர்க்கும் ரகம் நெட்டையாக ஓடி, அடியில் மொட்டையாக நிற்கும். விலை கன்றுக்குச் சில ரூபாய்தான்.

இரண்டு வரிசை போடுங்கள். வரிசைக்கு வரிசை 3 அடி, வரிசைக்குள் கன்றுக்குக் கன்று 2 அடி, முன்வரிசைக் கன்றுகளின் இடைவெளியில் பின்வரிசைக் கன்று வருகிற மாதிரி. உங்கள் 120 அடிக்கு 120 கன்று ஆகும், சாவுக்குச் சேர்த்து 10 கன்று கூடுதலாக வாங்குங்கள். ஐப்பசி மழையோடு நட்டால் பாதித் தண்ணீர் மிச்சம். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். முதல் வருடம் ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில் ஏமாந்தால் மறுபடி முதலிலிருந்து.

எல்லைக் கல்லை ஒட்டி நடாதீர்கள். 5 அடியாவது உள்ளே தள்ளுங்கள். வெளிப்பக்கத்தைக் கத்தரிக்க உங்கள் நிலத்திலேயே நீங்கள் நிற்க இடம் வேண்டுமே! அடுத்தவர் நிலத்தில் இறங்கித்தான் வெட்ட முடியும் என்றால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் வாய்த்தகராறு வரும். மேற்கே மனையாகாத மீதிப் பாதியில் இன்னும் வெள்ளாமை இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மிளகாயோ தக்காளியோ போட்டிருந்தால், உங்கள் வேலியின் காலை நிழல் அவர் பயிரில்தான் விழும். நடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிடுங்கள், '8 அடிக்கு மேல் விட மாட்டோம்' என்பதையும் சேர்த்து. உங்கள் பக்கம் விழுவது மாலை நிழல், வீட்டுக்கு நல்லது. ஆடிக்காற்றையும் மேற்கு வேலி வாங்கிக்கொள்ளும், தோட்டத்தில் வாழையோ முருங்கையோ இருந்தால் அதற்கும் லாபம். வேலியை ஒட்டிய முதல் இரண்டு மூன்று சால் பயிர் மட்டும் கொஞ்சம் இளைக்கும், சவுக்கு வேர் அங்கே வந்து தண்ணீர் குடிக்கும். கிணற்றுச் சுவரிலிருந்தும் வீட்டிலிருந்தும் 15 அடி தள்ளியே நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே நடவே கூடாது.

கத்தரிப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். '8 அடி வரட்டும், பிறகு வெட்டலாம்' என்று காத்திருந்தால் அடிக்கிளை வெளிச்சமில்லாமல் காய்ந்து, இடுப்பு உயரத்துக்குக் கீழே எல்லாம் தெரியும். நீங்கள் மறைக்க நினைப்பது அந்த உயரத்தைத்தானே? கன்று 4 அடி வந்ததுமே நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளையின் பச்சை நுனியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாகக் கத்தரியுங்கள். அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் கீழ்க்கிளைக்கும் வெயில் படும். முற்றிய கட்டையில் வெட்டினால் சவுக்கு சரியாகத் துளிர்க்காது.

பட்டையில் கொப்புளம் எழுந்து உள்ளே கறுப்புப் பொடி தெரிந்தால் அந்த மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், மருந்து தேடி அலைய வேண்டாம்.

'கிளுவை வேலி ஆகாதா?' என்று கொங்குப் பக்கத்தில் கேட்பார்கள். ஆடு மாடு நுழையாமல் தடுக்க அதைப் போல் இல்லை. ஆனால் கோடையில் இலை உதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும், மறைப்புக்கு உதவாது. சவுக்கு தலைதூக்கும் வரைக்கும் வெளிப்பக்கம் ஒரு வரிசை ஆடாதொடை வையுங்கள். குச்சி ஊன்றினாலே வரும், ஆடும் தொடாது.

*

''கோத்தகிரி பக்கம் எங்கள் காய்கறித் தோட்டத்தைச் சுற்றி அப்பா காலத்து சைப்ரஸ் வேலி. பல வருடம் வெட்டாமல் விட்டு 20 அடிக்குப் போய்விட்டது. அடியில் ஒரே பழுப்பு. 5 அடிக்கு வெட்டினால் துளிர்க்குமா?''

- வாசகர், கோத்தகிரி

துளிர்க்காது, தம்பி. நீலகிரியில் வேலிக்கு வைத்திருப்பது பெரும்பாலும் மான்டெரி சைப்ரஸ். கலிபோர்னியாக் கடற்கரை மரம், மேலே சொன்ன லேலண்டுக்குத் தாய்தகப்பனில் ஒன்று. உங்கள் குளிருக்குப் பொருத்தமானதுதான். ஆனால் இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்த இடம் அப்படியே மொட்டையாக நின்றுவிடும். பச்சை எதுவரை இருக்கிறதோ அதற்கு மேலேதான் கத்தி போக வேண்டும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கலாம். தை மாத உறைபனி முடிந்த பிறகு செய்யுங்கள். பிசின் வடிந்து காயும் கிளை இருந்தால் அது பட்டை நோய். வெட்டி எரித்து, அரிவாளையும் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள்.

அடி முழுக்க மொட்டையான பகுதியைக் காப்பாற்ற முடியாது. மொத்தமாகச் சாய்த்தால் ஒரே நாளில் தோட்டம் காற்றுக்குத் திறந்துவிடும், கேரட்டும் முட்டைக்கோஸும் படுத்துவிடும். வருடத்துக்குக் கால் பங்காக எடுத்து, எடுத்த இடத்தில் புதுக் கன்று வைத்து வாருங்கள். ஒன்று மட்டும்: மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரம் என்றாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நுனியைக் கத்தரிப்பது வேறு, மரத்தைச் சாய்ப்பது வேறு. சாய்ப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.