நாற்காலிக்கு எதற்குக் கையெழுத்து?

'டிசைனர் நாற்காலி' என்ற சொற்சேர்க்கையைக் கேட்கும்போதெல்லாம் நமக்குள் ஒரு கேள்வி எழுகிறது. வடிவமைக்கப்படாத நாற்காலி என்று ஒன்று உண்டா? உட்காரப்போகும் உடலை மனத்தில் கொண்டு யாரோ ஒருவர் அளந்து, அறுத்து, இழைத்துத்தான் எந்த நாற்காலியும் உருவாகிறது. அவர் பெயர் தெரியாதவரை அது வெறும் நாற்காலி. பெயர் கிடைத்த மறுகணம் அது 'டிசைனர்' ஆகிவிடுகிறது. விலையில் சில பூஜ்யங்கள் கூடிவிடுகின்றன. வீட்டு மேசை நாற்காலிகளின் இன்றைய உயர்விலைச் சந்தையில் விற்பனைக்கு இருப்பது கையெழுத்துதான். மரம் அதனுடன் சேர்த்துத் தரப்படுகிறது.

இது இல்லாதவனின் எரிச்சல் என்று தள்ளிவிடக்கூடும் என்பதால், அதே சந்தையின் மிகப் புகழ்பெற்ற சரக்கையே சான்றாக எடுத்துக்கொள்வோம்: சண்டிகர் நாற்காலி.

பிரிவினையில் லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951இல் அப்பணி லெ கொர்பூசியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆண்டுக்கு இருமுறை வந்துபோகும் பெருங்கலைஞர். அங்கேயே தங்கி வேலை பார்த்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே. உடல்நிலை காரணமாக 1965இல் ஊர் திரும்பும்வரை அவர் சண்டிகரிலேயே வாழ்ந்தார். 1967இல் மறைந்த அவருடைய அஸ்தி, அவர் விருப்பப்படியே, அந்நகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பஞ்சாப் பல்கலைக்கழகம், நூலகங்கள், விடுதிகள் என்று எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கைகள் வேண்டியிருந்தன. கரையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சாத தேக்கு, காற்று புகும் பிரம்புப் பின்னல், விரித்த கவராயம் போன்ற தடித்த கால்கள். எந்த உள்ளூர்த் தச்சரும் செய்துவிடக்கூடிய, பின்னல் கிழிந்தால் எளிதில் சரிபார்த்துவிடக்கூடிய அமைப்பு. குமாஸ்தாவும் மாணவனும் வழக்குக்காகக் காத்திருப்பவரும் உட்காரச் செய்யப்பட்டவை இவை. நல்ல வடிவமைப்பு என்பது பொதுமக்களின் உரிமை என்று நம்பிய ஒரு காலத்தின் மரச்சாமான்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இவற்றை 'ஜானரே நாற்காலி' என்று இன்றைய ஏலப் பட்டியல்கள் அழைக்கின்றன. அவர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்தே தொடங்கும் எண்களை இட்டு விற்கின்றன. அவருடைய பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு குழுவின் வேலை. அக்குழுவில் இருந்த யூலி சௌத்ரி, பின்னாளில் பஞ்சாப் மாநிலத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். எத்தனை பட்டியல்களில் அவர் பெயர் இருக்கிறது? செய்த தச்சர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. பல பட்டறைகளில் செய்யப்பட்டதால் ஒரு நாற்காலியின் அளவு மற்றதனுடன் அப்படியே பொருந்துவதில்லை. அந்த வேறுபாடுதான் அக்கைகள் விட்டுச்சென்ற ஒரே தடயம். பாடபேதங்களை ஒப்பிட்டுப் பழகிய இலக்கிய வாசகர்களுக்கு இது புரியும்: பல கைகள் எழுதிய ஏட்டின்மேல் ஒருவர் பெயரை மட்டும் பொறித்து விற்கிறார்கள்.

காலப்போக்கில் இந்த நாற்காலிகள் பழசாயின. எஃகும் பிளாஸ்டிக்கும் அலுவலகங்களுக்குள் நுழைந்தன. இவை மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் மழையில் நனைந்து குவிந்து, பழைய சாமான்களாக ஏலத்தில் போயின. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் வந்து வாங்கிச் சென்றார்கள். பாரிசிலும் நியூயார்க்கிலும் அவை பல லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டன. அரசு அலுவலக ஊழியர் ஒருவர் முதுகுப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய துறைப் பெயரும் எண்ணும் இப்போது அசல் என்பதற்கான அத்தாட்சி. திருட்டுப் போகாமலிருக்க எழுதியது விலையை ஏற்றும் முத்திரையாகிவிட்டது.

'அவர்கள் வாங்கியிராவிட்டால் எல்லாம் விறகாகியிருக்கும்' என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. முறையான ஏலத்தில் எடுக்கப்பட்டவற்றைக் கொள்ளை என்று கூச்சலிடுவது நேர்மையாகாது. தன் சொத்தின் மதிப்பை அறியாமல் கழித்துக் கட்டியது நம் நிர்வாகமே. ஆனால் காப்பாற்றப்பட்டது எது? மரம் காப்பாற்றப்பட்டது, அதன் பயன் காப்பாற்றப்படவில்லை. ஏமி சீகல் 2013இல் எடுத்த 'ப்ராவனன்ஸ்' என்ற படம் இந்தப் பயணத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. செல்வந்தர் வீடுகளின் அசையாத அறைகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிச் சென்று சண்டிகரில் முடிகிறது.

விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் இவற்றை விற்கத் தடை விதித்தது. நூறாண்டு நிறையாத நாற்காலியைத் தொல்பொருளாகக் கருத 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை என்பதால், ஏற்கெனவே வெளியே போனவற்றைத் தடுக்க வழியில்லை. 2016இல் சண்டிகரின் கேபிடல் வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கட்டடம் மரபாகிவிட்டது, அதனுள் உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலி கடல் கடந்துவிட்டது.

அடுத்த கட்டம்தான் நம்மை நேரடியாகத் தொடுவது. 2019இல் இத்தாலியின் கசினா நிறுவனம் ஜானரேக்கு அஞ்சலி என்ற பெயரில் இந்த வடிவங்களை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இணையக் கடைகளில் பெயரற்ற நகல்களும் குவிந்துகிடக்கின்றன. நகல் செய்வதை நாம் குற்றமாகக் கருதவில்லை; எல்லோரும் செய்துகொள்ளும்படி எளிமையாக அமைக்கப்பட்ட பொருளுக்கு நகல் ஒரு மரியாதை. அந்த நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படிப்பவர்மீதும் நமக்குக் கோபமில்லை. குழந்தை ஏறினால் பதறி, விருந்தாளி உட்காருமுன் விலையைச் சொல்லி, புகைப்படத்துக்காக மட்டும் ஒரு மூலையில் நிறுத்திவைக்கும் மனநிலைதான் நம் எதிரி. குமாஸ்தாவின் நாற்காலியை வாங்கிவைத்துக்கொண்டு, குமாஸ்தாக்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதாகப் பெருமைப்படும் ரசனை அது.

நாம் கேட்பது இரண்டுதான். வீட்டுக்கு நாற்காலி வாங்குபவர்கள் பெயர்ச்சீட்டைப் பார்க்குமுன் உட்கார்ந்து பார்க்கட்டும். பின்னல் அறுந்தால் மறுபடி பின்ன ஆள் கிடைக்குமா என்று கேட்கட்டும். அரசு, மரபு மரபு என்று பழைய நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பதோடு நின்றுவிடாமல், இன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் காலையிலிருந்து காத்திருக்கும் மனிதருக்கு முதுகு வலிக்காத ஓர் இருக்கையைச் செய்யட்டும். அதைச் செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாமல் போனாலும் பரவாயில்லை. 1951இல் தொடங்கிய அந்த வேலை இன்னும் முடியவில்லை.