எத்தனை பேப்பர், எத்தனை புலி?

'பேப்பர்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரெண்டே விஷயம். ஒன்று, நவம்பரில் கோட்டைவிட்டு ஏப்ரலில் பிடிக்க வேண்டிய அரியர் பேப்பர். இன்னொன்று, நாலு பேர் சேர்ந்து நெட்டில் சுட்டு, கலர் கலராக ஸ்லைடு போட்டு, சிம்போசியத்தில் வாசித்துவிட்டு மதிய சாப்பாட்டு கூப்பனும் சர்ட்டிஃபிகேட்டும் வாங்கி வரும் பேப்பர். ஆனால், விஞ்ஞானிகளுக்கு பேப்பர்தான் சோறு மக்களே! எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார், அதை மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை தடவை தங்கள் கட்டுரைகளில் குறிப்பிட்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் வேலை, புரமோஷன், ஆராய்ச்சிப் பணம் எல்லாம் நகரும். அப்படிக் குறிப்பிடுவதற்குப் பெயர் சைட்டேஷன்.

இந்த ரெண்டையும் பிசைந்து ஒரே உருண்டையாக்கினார் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர். 2005-ல் அவர் சொன்னதுதான் ஹெச்-இண்டெக்ஸ். உங்கள் கட்டுரைகளில் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் இருபது தடவையாவது குறிப்பிடப்பட்டிருந்தால் உங்கள் ஹெச்-இண்டெக்ஸ் 20. வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது ஐயாயிரம் தடவை குறிப்பிடப்பட்டாலும் உங்கள் நம்பர் 1தான். பாவம்! நமக்கு சி.ஜி.பி.ஏ. எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

இந்த நம்பர் ஒரு மனுஷனைப் பற்றி எவ்வளவு சொல்லும், எதைச் சொல்லாமல் விடும் என்று பார்க்க, இந்த வாரம் ஒருத்தரைப் பிடித்திருக்கிறேன். பெயர் உல்லாஸ் கரந்த். புலி ஆராய்ச்சியாளர். 'ப்ளஸ் டூவில் பியூர் சயின்ஸ் எடுத்து, ஜுவாலஜி படித்தவராக இருப்பார்' என்று நினைத்தால் உங்களுக்கு பெரிய பல்பு. சூரத்கல் என்.ஐ.டி., ஆர்.இ.சி.யாக இருந்த காலத்தில் அங்கே மெக்கானிக்கல் முடித்தவர் இவர். ஞானபீட விருது வாங்கிய கன்னட எழுத்தாளர் சிவராம கரந்தின் மகன். கொஞ்ச காலம் என்ஜினீயர் வேலை, அப்புறம் விவசாயம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் வனவிலங்குச் சூழலியலில் எம்.எஸ். வாங்கியபோது வருஷம் 1988, அவருக்கு வயசு நாற்பது. 'தப்பான ப்ராஞ்ச் எடுத்துட்டேன், லைஃபே போச்சு' என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் புலம்பும் பார்ட்டிகள் கவனிக்க!

அவர் காட்டுக்குப் போன காலத்தில், இந்தியாவில் புலியை எப்படி எண்ணினார்கள் தெரியுமா? காலடித் தடத்தை வைத்து. 1966-ல் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சவுத்ரி கொண்டுவந்த முறை இது. மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து, கோடு போட்டு வரைந்து எடுக்க வேண்டும். பிறகு, 'இது ஒரு புலி, அது வேறு புலி' என்று பிரித்து எண்ண வேண்டும். 1972-ல் நாடு முழுக்க எண்ணி 1,827 என்றார்கள். 2001-02-ல் 3,642 என்றார்கள். பின்னம் இல்லை, பிழை இல்லை. கடைசிப் புலி வரை வந்து வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு துல்லியம்!

சவுத்ரியைக் கிண்டல் செய்யவில்லை. தடம் பார்த்து, புலி எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் வனக்காவலர்களின் திறமை நிஜமான திறமை. சிக்கல் அடுத்த படியில்தான். ஒரே புலி ஈர மண்ணில் நடந்தால் ஒரு தடம், புழுதியில் நடந்தால் வேறு மாதிரி, ஓடினால் இன்னொரு மாதிரி. கரந்த் என்ன செய்தார் என்றால், கூண்டில் இருக்கும் நாலே நாலு புலிகளின் தடங்களை வரைந்து எடுத்து, அனுபவம் உள்ள அதிகாரிகளிடம் கொடுத்து, 'இதில் எத்தனை புலி?' என்று கேட்டார். ஒருத்தர்கூட சரியான விடை சொல்லவில்லை. இந்த முறை சரிப்படாது என்று 1987-லேயே எழுதியும்விட்டார்.

குறை சொன்னால் மட்டும் போதுமா பாஸ், மாற்று வழி? அங்கேதான் என்ஜினீயர் மூளை வேலை செய்தது. புலியின் உடம்பில் இருக்கும் கோடுகள் நம் கைரேகை மாதிரி. ஒரு புலிக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதே புலிக்கே இடது பக்கம் ஒரு டிசைன், வலது பக்கம் வேறு டிசைன். அதனால், காட்டுப் பாதையின் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா. நடுவே புலி நடந்தால் கேமரா தானாகவே க்ளிக் செய்யும். இப்போது மாதிரி மெமரி கார்டெல்லாம் கிடையாது, ஃபிலிம் ரோல் காலம். நாகரஹோளே காட்டில் ரோலைக் கழற்றி, கழுவி, பிரின்ட் போட்டு, கோடு கோடாக ஒப்பிட வேண்டும்.

ஆனால், படம் எடுத்தால் மட்டும் எண்ணிக்கை வந்துவிடாது. கேமராவில் மாட்டாத புலியை என்ன செய்ய? நம்ம ப்ராபபிலிட்டி பேப்பரில் மொக்கை என்று தூங்கினோமே, அந்தச் சரக்குதான் இங்கே ஹீரோ. ஒரு குளத்தில் 20 மீன் பிடித்து, அடையாளம் போட்டுத் திரும்ப விடுங்கள். அடுத்த நாள் 30 மீன் பிடியுங்கள். அதில் 6 மீன்களுக்கு அடையாளம் இருந்தால், அஞ்சில் ஒரு பங்கு. அப்படியானால், முதலில் அடையாளம் போட்ட 20-ம் மொத்தக் குளத்தில் அஞ்சில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆக, குளத்தில் சுமார் 100 மீன். மீன்களுக்கும் வாத்துகளுக்கும் வெகு காலமாகப் போட்ட கணக்கு இது. புலிக்கு பெயின்ட் அடிக்க யார் போவது? இயற்கையே அடித்து வைத்திருக்கிறதே! முதல் படம் 'அடையாளம்', அடுத்தடுத்த படங்கள் 'மறுபடி பிடித்தது'. கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கலானது, ஆனால் அடிப்படை அதேதான்.

1995-ல் இது முதல் கட்டுரையாக வந்தது. 1998-ல் அமெரிக்கப் புள்ளியியல் சூழலியலாளர் ஜேம்ஸ் நிக்கோல்ஸுடன் சேர்ந்து 'எக்காலஜி' இதழில் நாலு காடுகளுக்கான கணக்கு. நூறு சதுர கிலோமீட்டருக்கு பெஞ்சில் சுமார் 4 புலி, காசிரங்காவில் சுமார் 17. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் ஒரு பிளஸ் ஆர் மைனஸ். 'இவ்வளவு தப்பாகவும் இருக்கலாம்' என்று சொல்லியே கொடுத்த நம்பர் அது. எனக்கு அந்த பிளஸ் ஆர் மைனஸ் ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த 1998 கட்டுரைதான் சைட்டேஷன் ஜாக்பாட். ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. காரணம் சிம்பிள். கோடோ புள்ளியோ இருக்கும் எந்த மிருகத்துக்கும் இந்த ஐடியா செல்லும். பெலிஸ், பொலிவியாவில் ஜாகுவாரை எண்ணினார்கள். பிரேசிலில் ஆசிலாட் என்ற காட்டுப்பூனையை எண்ணினார்கள். லடாக்கின் ஹெமிஸில் பனிச்சிறுத்தையை எண்ணினார்கள். எண்ணிய எல்லாரும் கரந்த்-நிக்கோல்ஸ் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. சமையல் குறிப்பு கொடுத்தவருக்கு, ஒவ்வொரு தடவை யாராவது சமைக்கும்போதும் ஒரு மார்க்!

அதே குழு 2006-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையும் இருக்கிறது. நாகரஹோளேயில் ஒன்பது வருஷம் தொடர்ந்து படம் எடுத்து எழுதியது. அங்கே வருஷத்துக்கு நூற்றுக்கு 23 புலி என்ற அளவில் செத்தோ, இடம் மாறியோ காணாமல் போகின்றன. ஆனாலும் இரை நிறைய இருப்பதால் குட்டிகள் பிறந்து எண்ணிக்கை ஈடுகட்டப்படுகிறது. என்னைக் கேட்டால், புலியைப் பற்றி நிஜமாகவே புதுசாகத் தெரிந்துகொண்டது இந்தக் கட்டுரையில்தான். ஒன்பது வருஷக் களப்பணி. கூட்டல் கணக்கில் அதுவும் ஒரு பேப்பர், ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டி எழுதினதும் ஒரு பேப்பர்.

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். 1987-ல் 'இந்த எண்ணிக்கை தப்பு' என்றார். 1995-லும் 1998-லும் மாற்று வழியைக் காட்டினார். 2003-ல் சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து மறுபடியும் எழுதினார். உலகம் முழுக்க சைட்டேஷன் ஏறியது. இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்கு மட்டும் காலடித் தடத்திலேயே ஓடியது. ராஜஸ்தானில் சரிஸ்கா சரணாலயத்தில் 16 முதல் 18 புலிகள் இருப்பதாக 2004-ல் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் 'அங்கே புலியே இல்லை' என்று பத்திரிகையில் செய்தி வந்து, இந்திய வனஉயிரின நிறுவனம் போய்த் தேடிப் பார்த்தது. ஒன்றுகூட இல்லை. மொத்தத்தையும் வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

கேமரா இருந்திருந்தால் வேட்டை நின்றிருக்காது, உண்மைதான். ஆனால், புலி குறைவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஜாகுவார் நாட்டுக்காரர்கள் படித்து, குறிப்பிட்டு, பயன்படுத்திய விஷயத்தை, அது எழுதப்பட்ட நாட்டில் கண்டுகொள்ள ஒரு காடு காலியாக வேண்டியிருந்தது. அந்தப் பதினெட்டு வருஷத்தை எந்த ஹெச்-இண்டெக்ஸ் காட்டும்?

அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது. சுனிதா நாராயண் தலைமையில் பிரதமர் அமைத்த குழு 2005-ல் அறிக்கை தந்தது. காலடித் தடக் கணக்கு மூட்டை கட்டப்பட்டது. கேமராவும் புள்ளியியலும் உள்ளே வந்தன. 2006-க்கான கணக்கு 2008-ல் வெளியானபோது 1,411 என்றது. '3,642-ல் இருந்து 1,411-ஆ!' என்று கழித்துப் பார்த்து அலறினார்கள். அப்படிக் கழிக்கக் கூடாது, ரெண்டும் வேறு வேறு அளவுகோல். 2018-19 கணக்கெடுப்பில் கேமரா வைத்த இடங்கள் மட்டும் 26,838. கின்னஸில் ஏறிவிட்டது. ஒரு கேமராகூட யாருடைய சைட்டேஷனிலும் சேராது.

கரந்த் அதோடு சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. கேமரா வைக்காத இடங்களுக்கு அரசு போடும் கணக்கு சரியில்லை என்று 2015-ல் அவரும் வேறு சிலரும் ஒரு கட்டுரை எழுத, அரசுத் தரப்பு விஞ்ஞானிகள் மறுக்க, சண்டை சூடு பிடித்தது. இதில் ஒரு காமெடி. ஒருத்தர் கட்டுரையைத் 'தப்பு' என்று திட்டி எழுதினாலும், திட்டு வாங்கியவருக்கு ஒரு சைட்டேஷன் கூடும்! பாராட்டு, திட்டு, படிக்காமலே காப்பி அடித்தது, எல்லாம் ஒரே மார்க். பார்த்தால், தடத்தை மட்டும் எண்ணிவிட்டு 'இத்தனை புலி' என்று சொல்வது மாதிரியே இல்லை?

இதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு, நமக்கென்ன என்கிறீர்களா? 2016-ல் இருந்து வரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பேப்பர் எண்ணிக்கைக்கும் சைட்டேஷனுக்கும் மார்க் இருக்கிறது. அதனால், அந்தக் காற்று காலேஜ் வரை அடிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கட்டுரையாக்கினார். 'ரெஃபரன்ஸில் இதையும் சேர்த்துடு தம்பி' என்று ஒரு லிஸ்ட் வந்தது. பத்துக் கட்டுரைகள். பத்தும் அதே டிபார்ட்மென்ட். அவர் ப்ராஜெக்ட் பம்ப் பற்றியது. லிஸ்ட்டில் பாதி வெல்டிங். சேர்த்துவிட்டார், வேறென்ன செய்வார்? இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது?

சரி, கரந்தைப் படிக்க ஆசை வந்தால் ஜர்னல் எல்லாம் தேட வேண்டாம். புலியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 'கானுறை வேங்கை' என்ற பெயரில் தமிழிலேயே இருக்கிறது. மொழிபெயர்த்தவர் தியடோர் பாஸ்கரன், வெளியிட்டது காலச்சுவடு. ஒரு லைப்ரரியில் போய் இதைக் கேட்டேன். என் ஐ.டி. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கல் பையனுக்குப் புலி புஸ்தகம் எதுக்குப்பா?" என்றார் அங்கிருந்தவர்.

"எழுதினவரும் மெக்கானிக்கல்தான் சார்!"