மெஷின் கொடுத்தால் முடிந்ததா?

நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எமது ஊரில் ஒரு உம்மாவுக்கு சீனி வருத்தத்தால் கால் விரல் எடுத்தார்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்ததும் லண்டனில் இருக்கும் மகன் சீனி பார்க்கிற மெஷின் ஒன்று அனுப்பினார். ஒருநாள் சுபஹுக்குப் பிறகு பார்த்தால் 16. எழுபதுக்குக் கீழே போனால் உடனே இனிப்புக் கொடுங்கள் என்று வார்ட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வீட்டார் பதறிப்போய் சீனி கரைத்துப் பருக்கினார்கள். அடுத்த தடவை 19. இன்னும் ஏறவில்லையே என்று மற்றொரு கோப்பை!

அந்த மெஷின் காட்டியது லண்டன் கணக்கு, மில்லிமோல். எமது ஆஸ்பத்திரிகளில் பேசுவது மில்லிகிராம். 18ஆல் பெருக்க வேண்டும். 16 என்றால் 288. அல்ஹம்துலில்லாஹ், நேரத்தோடு கொண்டுபோனதால் உயிர் தப்பியது. புண்தான் இன்னும் ஆறவில்லை.

படிப்பறிவில்லாத வீடு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏ.எல். படித்த பிள்ளை இருக்கிற வீடு. அலகு எறும்பளவு எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? நிதி சேர்க்கிறோம், பிரஷர் மெஷின், ஒக்சிஜன் பார்க்கிற மெஷின், வோக்கர் எல்லாம் வாங்குகிறோம், பெனர் பிடித்துப் படம் எடுக்கிறோம். பெட்டிக்குள் இருக்கிற தாள் சீனத்திலும் ஆங்கிலத்திலும். விரலில் மாட்டுகிற அந்தச் சின்ன மெஷினைத் தலைகீழாகப் பார்த்தால் 86 என்பது 98 ஆகத் தெரியும். யோசித்துப் பாருங்கள், மூச்சுத் திணறுகிறவருக்கு "98 இருக்கு, பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறோம்.

புரஸ்டேட் ஒப்பரேஷன் முடிந்து வந்த ஒரு அப்பாவைப் பார்க்கப் போனோம். ஆட்கள் வருகிறார்கள் என்ற வெட்கத்தில் சலப்பையைக் கட்டிலில் தூக்கி வைத்து போர்வையால் மூடியிருந்தார்கள். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் சலம் திரும்பி உள்ளே போய் கிருமி பிடிக்கும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வார்ட்டில் நெருக்கடி, மிஸ்மாருக்கு நேரமில்லை என்பது எமக்கும் தெரியும். ஆனால் சொல்வது வேறு, செய்ய வைத்துப் பார்ப்பது வேறு. வகுப்பில் "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஓம் சேர்" என்பார்கள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால்தான் தெரியும். நோயாளியின் வீட்டாரும் அப்படித்தான். அதுவும் சிங்களத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பள்ளி நிர்வாகத்திடமும் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். எடுத்துப் போகிறவர் உங்கள் முன்னால் ஒருமுறை தானே செய்து காட்டாமல் எந்த மெஷினையும் கொடுக்காதீர்கள். தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டிக் கொடுங்கள். வோக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். படம் அதற்குப் பிறகு எடுக்கலாம்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் நாங்கள் சில ஆசிரியர்கள் இருப்போம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பெண்களுக்குச் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருக்கிற மெஷினைக் கொண்டு வாருங்கள். பெட்டி உடைக்காமல் அலுமாரியில் கிடந்தால் அதையும்.