போட்டி வரைபடம் மாறும்போது கேமரன் மலை மாணவர் எங்கே?

தானா ராத்தாவிலிருந்து வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கம்போங் ராஜா பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலையைப் பிடித்தால் ஈப்போவும் அப்படியொன்றும் தூரமில்லை. பெரிய மருத்துவமனை, தீபாவளித் துணிமணி, கல்யாணச் சாமான் என்று கேமரன் மலைக் குடும்பங்கள் பலவும் இறங்குவது பேராக் பக்கம்தான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டால் அடுத்த பந்தயத்துக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். பகாங் மாநிலப் போட்டி குவாந்தானில் நடந்தால் பேருந்தில் அரை நாள் கழிந்துவிடும்.

காரணம் வரைபடம். 712 சதுர கிலோமீட்டர் கொண்ட கேமரன் மலை, பகாங்கின் மிகச் சிறிய மாவட்டம். அது அமைந்திருப்பதோ தீபகற்பத்தின் மிகப் பெரிய மாநிலத்தின் வடமேற்கு மூலையில். மேற்கே பேராக், வடக்கே கிளந்தான். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தொழிலாளர்களும் தேயிலைப் பெட்டிகளும் ஏறி இறங்கியது தாப்பா சாலையில். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகப் பகாங்கின் உட்பகுதிக்குச் செல்லும் சாலை நம் தலைமுறையில் வந்தது. வாழ்க்கை ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம் என்று இந்த மலை பழகிவிட்டது. பள்ளி விளையாட்டு நிர்வாகத்தின் வழியே போகிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று எம்எஸ்எஸ்எம் ஏணியில் எந்தப் படிக்கு எங்கே போவது என்பதை மாநில எல்லைதான் முடிவு செய்கிறது.

விளையாட்டுதானே என்று பெற்றோர் நினைக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தில் எந்த அளவிலான போட்டியில் கலந்துகொண்டோம் என்பதும் கணக்கில் வரும். மாநில அளவுக்குத் தேர்வாகியும் பயணச் செலவு, விடுதி, உடன் செல்ல ஆசிரியர் ஆகியவை அமையாமல் ஒரு மாணவி நின்றுவிட்டால், அவள் இழப்பது பதக்கத்தை மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

யார் யாருடன் போட்டியிடுவது என்ற கேள்வி கல்லூரி விளையாட்டையே புரட்டிப் போட்ட நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் நடந்ததை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே உபகாரச் சம்பளத்தில் ஓடப் போகிற கனவு நம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்பது ஒரு காரணம். அங்கே ஓரத்தில் விடப்பட்ட ஊர் ஒன்று நம் மலையை நினைவூட்டுகிறது என்பது மற்றொன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் போட்டிக் கூட்டணிகளில் சேர்ந்து விளையாடுகின்றன. பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தால் பேருந்தில் போய் ஆடிவிட்டு இரவே திரும்பலாம், திங்கட்கிழமை வகுப்புக்குப் போகலாம். கூட்டணிகள் தொடங்கியபோது இருந்த நியாயம் இதுதான். மேற்குக் கரையில் 1915இல் உருவான கூட்டணி வளர்ந்து வளர்ந்து 'பேக்-12' ஆனது. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, யுசிஎல்ஏ போன்ற பெரிய பெயர்கள் அதில் இருந்தன.

அதைக் குலைத்தது தொலைக்காட்சிப் பணம். அமெரிக்கக் காற்பந்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமைக்கு 'பிக் டென்' கூட்டணிக்கு 2022இல் கிடைத்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி யுசிஎல்ஏயும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அங்கே தாவுவதாக அறிவித்தன. மறு ஆண்டு ஜூலையில் கொலராடோ வேறு கூட்டணிக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போயின. பசிபிக் கரையிலுள்ள அந்த இரண்டும் சேர்ந்த கூட்டணியின் பெயர் 'அட்லாண்டிக் கரையோரக் கூட்டணி'! புவியியல் ஆசிரியர்கள் சிரித்திருப்பார்கள். சேர இடம் கிடைத்தால் போதும் என்று, பல ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருமானத்தில் முழுப் பங்கு வேண்டாம் என்றும் அவை ஒப்புக்கொண்டன.

இப்போது யுசிஎல்ஏயின் கைப்பந்து வீராங்கனைகள் கூட்டணி ஆட்டத்துக்காக நியூ ஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் வரை பறக்க வேண்டியிருக்கிறது. தூரம் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அதிகம். கூட்டணி மாற்றம் அமெரிக்கக் காற்பந்துக்காகச் செய்யப்பட்டது. அந்த அணியோ ஒரு பருவத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டங்களே ஆடுகிறது, அவையும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். கைப்பந்து, கூடைப்பந்து, மென்பந்து அணிகள் வாரத்துக்குப் பலமுறை ஆடுபவை. விமானத்தில் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிப்போவது அந்த மாணவர்கள்தான். அவர்களை யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை.

பன்னிரண்டில் பத்து போக மிஞ்சியவை இரண்டு: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் மாநிலப் பல்கலைக்கழகங்கள், இரண்டும் பெருநகரத்தில் இல்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், கோதுமை விளையும் குன்றுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். சியாட்டல் நகரம் அங்கிருந்து சுமார் 450 கிலோமீட்டர். அவர்கள் மோசமாக ஆடியதால் விடப்படவில்லை. அந்த ஊரில் தொலைக்காட்சிப் பெட்டிகள் குறைவு, அவ்வளவுதான். கூட்டணியின் சொத்தும் நிர்வாகமும் யாருக்கு என்று இரண்டும் நீதிமன்றத்துக்குப் போய் வென்றன. மற்ற விளையாட்டுகளை ஈராண்டு வேறொரு கூட்டணியின் தயவில் நடத்தின. பிறகு பாய்சி ஸ்டேட், கொன்சாகா போன்றவற்றைச் சேர்த்து 2026 ஜூலையிலிருந்து பேக்-12 மீண்டும் முழுக் கூட்டணியாவதற்கு வழி செய்தன. அந்தப் போராட்ட குணத்தைப் பாராட்டலாம்.

ஆனால் அதற்கிடையே விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1978இல் கென்யாவிலிருந்து வந்து புல்மனில் படித்துக்கொண்டிருந்த ஹென்றி ரோனோ, 81 நாட்களில் நான்கு உலகச் சாதனைகளைப் படைத்தார்: 3,000 மீட்டர், 3,000 மீட்டர் தடைதாண்டும் நெடுஓட்டம், 5,000 மீட்டர், 10,000 மீட்டர். அத்தகைய மரபுள்ள திடல்தடப் பிரிவு அது. 2025 ஜூனில் அதே பல்கலைக்கழகம் எறிதல், தாண்டுதல் போட்டிகளைக் கைவிடுவதாகவும் குறுந்தூர ஓட்டத்தையும் தடை ஓட்டத்தையும் குறைத்துக்கொள்வதாகவும் அறிவித்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கு மட்டும் முழுக் கவனமாம். கூட்டணி உடைந்து வருமானம் சரிந்திருந்தது. அதே மாதம் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்ற காலமும் பிறந்துவிட்டது. போட்டியில் நிலைக்க வேண்டுமானால் பணம் அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போக வேண்டும். குண்டு எறிபவருக்கும் உயரம் தாண்டுபவருக்கும் இடமில்லாமல் போனது இப்படித்தான்.

மாணவர்களே, அமெரிக்காவில் ஓடப் போக நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பேராக்கின் குறுந்தூர ஓட்டக்காரர் முகமது அஸீம் ஃபாஹ்மி படிக்கச் சென்ற ஆபர்ன், ஒளிபரப்புப் பணம் குவியும் கூட்டணி ஒன்றில் இருக்கிறது. 2022இல் 10.09 வினாடியில் 100 மீட்டரை ஓடியவருக்கு அந்தக் கதவு திறந்தது. நம் சமூகத்துப் பெண் ஷெரின் சாம்சன் வல்லபோய் சேர்ந்ததோ மினசோட்டா மாநிலத்தின் வினோனா ஸ்டேட்டில். அது இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம், கூட்டணியும் பெரிய தொலைக்காட்சிகள் தேடி வராத ஒன்று. அங்கே பயின்றுகொண்டிருந்தபோதுதான் 2023இல் பெண்கள் 400 மீட்டரில் ரபியா அப்துல் சலாமின் 30 ஆண்டு கால தேசியச் சாதனையை அவர் உடைத்தார்.

ஆகவே அழைப்புக் கடிதம் வந்தால் பல்கலைக்கழகத்தின் சின்னத்தையும் அரங்கத்தின் படத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். என் போட்டிப் பிரிவு நான் படித்து முடிக்கும் வரை இருக்குமா? பிரிவு மூடப்பட்டால் உபகாரச் சம்பளம் தொடருமா, எழுத்தில் தருவீர்களா? ஒரு பருவத்தில் எத்தனை வகுப்பு நாட்கள் பயணத்தில் போகும்? இவற்றைப் பயிற்றுநரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் நினைப்பார்கள். அங்கே இவற்றைக் கேட்காதவரைத்தான் விவரமில்லாதவர் என்பார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் காற்று வீசியிருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வேரிலிருந்து முளைத்து, பெயர் மாறி, சூப்பர் லீக் வரை ஏறிய பி.ஜே. சிட்டி அணி 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டு பிரிமியர் லீக் என்ற இரண்டாம் படியே நடத்தப்படவில்லை. மேலே ஏற நினைக்கும் சிறு அணிக்கு நடுப்படி இல்லாத ஏணி எதற்கு என்று அப்போது எத்தனை பேர் கேட்டோம்?

திரும்ப மலைக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகள் பலவும் 150 மாணவர்களுக்குக் குறைவான 'குறைந்த மாணவர் பள்ளி' வகையைச் சேர்ந்தவை. ஆண்களில் பதினொரு பேரைத் திரட்டி ஒரு காற்பந்து அணி அமைப்பதே அங்கே பெரும்பாடு. அந்தப் பள்ளியிலிருந்து தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர், பெரிய அணிகளோடு அதிகம் மோதிப் பார்க்காமலேயே வருகிறார். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில், மேடு பள்ளமான தேயிலைப் பாதைகளில் நடந்து வளர்ந்த கால்கள் அவை. குறுக்கோட்டத்துக்கு இதைவிடப் பயிற்சிக்களம் வேண்டுமா? அவர்களுக்குக் குறைவாக இருப்பது மோதிப் பார்க்க எதிரணியும், மாநிலப் போட்டிக்கு முன் சமவெளியின் வெயிலில் சில நாள் ஓடிப் பழகும் வாய்ப்பும்.

மாநில எல்லையை மாற்றச் சொல்லவில்லை. கேமரன் மலை மாணவர்கள் பகாங் சட்டையில் ஓடுவதில் யாருக்கும் குறையில்லை, அது அவர்களின் மாநிலம். ஆனால் தேர்வுப் போட்டிகள் ஏணியின்படி நடக்கட்டும், பழகும் போட்டிகள் சாலையின்படி நடக்கட்டும். தாப்பா, ஈப்போ பள்ளிகளோடு ஆண்டுக்கு இரண்டு நட்புமுறை திடல்தடப் போட்டிகள், ஒரு குறுக்கோட்டம் என்று இரு மாநிலக் கல்வி இலாகாக்களும் பேசி முடித்தால் பேருந்து காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும். தோட்டப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து கூட்டணி அணியாக மாவட்டப் போட்டியில் இறங்க விதியில் இடம் தரலாம். மாநிலப் போட்டிக்குத் தேர்வான மாணவரின் பயணச் செலவை, பள்ளியின் அளவைப் பார்த்து அல்லாமல் தூரத்தைப் பார்த்து ஒதுக்கலாம். தோட்ட நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதில் ஒரு கை கொடுத்தால் பெரிய தொகை ஒன்றும் ஆகிவிடாது.

கேமரன் மலையின் உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு வேலை. கடந்த மூன்றாண்டுகளில் உங்கள் பள்ளியிலிருந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர்கள் எத்தனை பேர், உண்மையில் போனவர்கள் எத்தனை பேர், போகாதவர்கள் ஏன் போகவில்லை, போனவர்களுக்கு எத்தனை மணி நேரப் பயணம், எத்தனை ரிங்கிட் செலவு என்று விளையாட்டுப் பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான போட்டி அட்டவணையை முடிவு செய்ய மாவட்ட விளையாட்டு மன்றம் கூடும்போது, அந்தத் தாள் மேசையில் இருக்கட்டும்.