ஊர்ப்பெயர் இல்லாத படிகமும் பதிவெண் இல்லாத ஆய்வும்

படிகம் சேகரிப்போரைப் பற்றி நிலவியல் துறையினரிடையே ஓர் இளக்காரம் உண்டு. அவர்கள் அழகைச் சேர்க்கிறார்கள், நாம் அறிவைச் சேர்க்கிறோம் என்பது அதன் சாரம். இந்தப் பாகுபாடு பொய் என்பதே இப்பதிவின் வாதம். சேகரிப்பாளர் கல்லின் ஊரை மறைக்கிறார். நாமோ கல்லையே தொலைக்கிறோம்.

வளரும் படிகம் தன் அருகிலிருந்த வேறு கனிமத்தையோ பாய்மத்தையோ தன்னுள் சிறைப்பிடிப்பதையே உட்பொதிவு என்கிறோம். மணி வணிகருக்கு அது பெரும்பாலும் குற்றம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையே மதுரையின் மணிக்கடைத் தெருவில் வயிரத்தின் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. தென்கேரளத்தில் கிடைக்கும் வைடூரியத்திலோ அந்தக் குற்றமே விலையாகிறது. இணையாக அடுக்கிய நுண்ணிய ஊசிகளும் குழல்களுமே அதில் பூனைக்கண் ஒளிக்கோட்டைத் தோற்றுவிக்கின்றன. சேகரிப்பாளருக்கு, பளிங்கினுள் பொன்னிழை போல் ஓடும் ரூட்டைல் ஒரு காட்சிப்பொருள். நிலவியலாளருக்கு அது சாட்சி. ஆனால் எந்த இடத்தில், எந்தப் பாறையில் கிடைத்தது என்று அறியாத சாட்சியைக் கொண்டு எதை நிறுவ முடியும்?

பாலக்காட்டின் வாளையாறு தொடங்கி நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் வழியே இடுக்கியின் சின்னாறு, மறையூர், போடிமெட்டு, குமுளி வரை செல்லும் எல்லை மலைகளை எடுத்துக்கொள்வோம். இவற்றுள் பெரும்பகுதி, கண்டத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோகைட்டும் அதன் உறவுப் பாறைகளுமே. இடுக்கி மலைக்குக் கிழக்கே, தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியில் கிடைக்கும் சபிரின் கொண்ட பாறைகள் 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சொல்கின்றன. கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்த, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தின் தடயங்கள் இப்பகுதிப் பாறைகளில் பதிந்துள்ளன.

இத்தகைய பாறைகளின் படிகங்களுக்குள் கரியமில வாயு நிறைந்த நுண்குமிழிகள் உண்டு. குமிழியை உறையவைத்துப் பின் மெல்லச் சூடாக்கினால், தூய கரியமில வாயு −56.6 பாகையில் உருகித் தன்னை அடையாளம் காட்டும். 1980இல் நியூட்டன், ஸ்மித், விண்ட்லி ஆகியோர் நேச்சர் இதழில், ஆழத்திலிருந்து எழுந்த இவ்வாயுவே பாறையின் நீரை விரட்டி இவ்வுருமாற்றத்துக்கு வழிசெய்தது என வாதிட்டனர். குமிழிகள் உருமாற்றத்தின் உச்சத்தில் சிறைப்பட்டவையா, பாறை குளிர்கையில் பின்னர் புகுந்தவையா என்ற கேள்வி உடன் எழுந்தது. இதை ஆராய அதே பாறைக்கு, முடிந்தால் அதே கல்லுக்கு, மீண்டும் செல்ல வேண்டும். கல் இல்லையேல் மிஞ்சுவது ஆய்வாளரின் சொல் மட்டுமே. மறுசோதனைக்கு இடமில்லாத சொல்லை அறிவியல் என்று எப்படி அழைப்பது?

தொல்லியலார் இதை நமக்கு முன்பே கற்றுவிட்டனர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்தபோது, முழு மணிகளோடு மூலக்கற்களும், பாதி வேலையில் நின்ற மணிகளும், கழிவுச் சில்லுகளும் வெளிவந்தன. அவ்வூர் ஒரு மணித்தொழிற்கூடம் என்பதை நிறுவியவை விலைபோகாத அந்தக் கழிவுகளே. அவற்றை மண்ணடுக்கிலிருந்து பெயர்த்துச் சந்தையில் கொட்டியிருந்தால் யாருக்கும் எதுவும் விளங்கியிராது.

சேகரிப்பாளர்களின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கல்குவாரியில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைபடவிருந்த படிகத்தை எடுத்துக் காத்தவரை எவரும் குறைகூற இயலாது. ஆனால் வணிகப் போட்டிக்கு அஞ்சி, சீட்டில் ‘தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதும்போது, காத்ததில் பாதியை அவரே அழிக்கிறார். காட்டிலிருந்து எடுப்பதற்கோ இந்த நியாயமும் பொருந்தாது. கேரள வனச் சட்டம் (1961) காட்டின் பாறையையும் கனிமத்தையும் வன விளைபொருளாகவே கருதுகிறது. பறம்பிக்குளமும் சின்னாறும் எவருடைய காட்சிப்பேழைக்கும் கிடங்கு அல்ல.

இனி நம் பக்கம் வருவோம். கல்லை வெட்டி மெல்சீவலாக்கி, பகுப்பாய்வுக்கு அனுப்பி, கட்டுரை வெளியானதும் எஞ்சிய துண்டு எங்கே போகிறது? பேராசிரியர் ஓய்வுபெற்று அறை காலியாகும் நாளில், மை அழிந்த எண்களோடு கட்டடத்தின் பின்புறம் குவியும் கற்களைக் காணாத ஆய்வு மாணவர் அரிது. அவை பொதுப்பணத்தில், வனத்துறை அனுமதியோடு திரட்டப்பட்டவை. இதைச் செய்யும் நாம் சேகரிப்பாளருக்கு அறம் போதிக்கிறோம்.

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வேட்டின் ஒவ்வொரு மாதிரிக்கும் எஞ்சிய துண்டையும் மெல்சீவலையும் பொதுக் காப்பகத்தில் ஒப்படைத்துப் பதிவெண் பெறுவது கட்டாயமாக வேண்டும். இடக்குறிப்பு, பாறையின் வகை, எடுத்த நாள், அனுமதி எண் ஆகியவை அதனுடன் இருக்க வேண்டும். குறிப்போடு கல்லைத் தரும் சேகரிப்பாளரின் பெயரும் அங்கே மதிப்போடு பதியப்படட்டும். இடத்தை வெளியிட்டால் கொள்ளையருக்கு வழிகாட்டியதாகும் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகவே துல்லியமான இடக்குறிப்பு பதிவேட்டில் மட்டும் இருந்து, ஆய்வாளர் கேட்டால் தரப்படட்டும். கட்டுரையில் வட்டாரப் பெயர் போதும்.

2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்களுக்கான சட்ட வரைவை வெளியிட்டபோது, அதிகாரம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் குவிவதை நம்மில் பலர் எதிர்த்தோம். எதிர்ப்பு சரியே. ஆனால் பொறுப்பு நம்மிடமே இருக்கட்டும் என்று கேட்பவர்கள் அந்தப் பொறுப்பை நிறைவேற்றிக் காட்டவும் வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு கேள்வி: பத்தாண்டுகளுக்கு முன் உங்கள் துறையில் முடிந்த ஏதேனும் ஓர் ஆய்வேட்டை எடுங்கள். அதன் முதல் மாதிரியை இன்று உங்களால் கையில் எடுக்க முடிகிறதா? விடையைக் கீழே எழுதுங்கள்.