பைப்பில் மோட்டார் வைக்கும் கம்ப்யூட்டர்!

குடிநீர்க் குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், தெருக்கோடி வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. ஒகேனக்கல் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்திருக்கும் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்டர்நெட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. என்ன, மோட்டார் சத்தம் மட்டும் கேட்காது!

பென்னாகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாணவி சான்றிதழை அப்லோடு செய்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் நெட் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுகிறார். ஆனால், குற்றவாளி கடையின் மூலையிலேயே இருக்கிறது. அன்றைய கேமரா பதிவுகளையும் பழைய ஃபைல்களையும் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் சர்வர்தான் அது.

'அது அப்லோடுதானே, மற்ற பக்கங்கள் ஏன் திறக்கவில்லை?' நியாயமான கேள்வி. நாம் டவுன்லோடு செய்யும்போதும், 'வந்து சேர்ந்தது' என்று நம் கம்ப்யூட்டர் பதில் அனுப்பியபடியே இருக்க வேண்டும். அப்லோடு வழி நிரம்பினால், அந்தக் குட்டிப் பதில்களும் மோடத்துக்குள் வரிசையில் மாட்டிக்கொள்ளும். பதில் வராததால் அடுத்த முனையும் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதற்கான வைத்தியம்தான் 'டிராஃபிக் ஷேப்பிங்'. அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், வெளியே போகும் மொத்தத்தையும் 9-க்குள் நிறுத்த வேண்டும். ஒரு எம்பிபிஎஸ்ஸை வீணாக்குவதுபோலத் தோன்றும். ஆனால், அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல் நம் கைக்குள் இருக்கும். யாரை முதலில் அனுப்புவது என்பதை நாமே முடிவு செய்யலாம். விண்ணப்பத்துக்கு முன்னுரிமை, பேக்கப்புக்கு 3 எம்பிபிஎஸ். லைன் சும்மா இருந்தால் மட்டும் பேக்கப் கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ளட்டும். லினக்ஸ் சர்வரில் 'டிசி' என்ற கருவி இதைச் செய்யும். பல ரவுட்டர்களில் 'க்யூஓஎஸ்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கும். பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நெரிசல் எவ்வளவு மோசமாகும் என்பதற்கு 1986 அக்டோபரே சாட்சி. அமெரிக்காவின் பெர்க்லியில், வெறும் 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு இடையே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய லைன் 40 பிட்டுக்குச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் தந்த தீர்வால்தான், நெரிசலைக் கண்டால் கம்ப்யூட்டர்கள் தாமாகவே நிதானிக்கின்றன. நம் ஊரிலும் 2020 மார்ச் லாக்டௌனில், நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் உள்ளிட்ட நிறுவனங்கள் மொபைல் நெட்வொர்க்கில் வீடியோ தரத்தைத் தற்காலிகமாக 480பி-க்குள் குறைத்துக்கொண்டன.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் லைனை நாம் பங்கிடுவது வேறு. நெட் கம்பெனி தனக்கு வேண்டாத இணையதளத்தை மட்டும் மெதுவாக்குவது வேறு. இரண்டாவதற்கு 2018-ல் மத்திய அரசு ஏற்ற நெட் நியூட்ராலிட்டி விதிகள் இடம் தரவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? பேக்கப் ஓடாத நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். பிளானில் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, டெஸ்ட்டில் வந்த அப்லோடு எண்ணில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து ரவுட்டரில் பதியுங்கள். ரவுட்டரில் வசதி இல்லையா? பேக்கப் நேரத்தை இரவு 11 மணிக்கு மாற்றிவிடுங்கள். அந்நேரத்தில் யாரும் விண்ணப்பம் போட வரப்போவதில்லை!