காய்ச்சல் என்று எழுதப்படும் நாட்கள்

பெறுநர்: செயலர் அவர்கள், பள்ளிக் கல்வித்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மாணவர் பள்ளிக்கு வராத நாட்களும், அவற்றின் காரணத்தைப் பதிவு செய்வதும்.



ஒரு பிள்ளை பள்ளிக்கு வராத நாளுக்கு இரண்டு தடயங்கள் மிஞ்சுகின்றன. ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் இடும் குறி ஒன்று. மறுநாள் பிள்ளை கொண்டுவரும் லீவ் லெட்டர் மற்றொன்று. ரஃப் நோட்டிலிருந்து கிழித்த தாளில் அனுப்புநர், பெறுநர், 'காய்ச்சல் காரணமாக' என்ற வரி, அடியில் அப்பாவின் கையெழுத்து. கடிதமும் கையெழுத்தும் பல நேரம் ஒரே பேனா, ஒரே கை. காய்ச்சல் உண்மையாகவே வந்த நாட்களும் உண்டு. ஆனால் துறைமுகத்திலிருந்து எண்ணூர் கழிமுகம் வரை நீளும் இந்தக் கரையில், வீட்டில் நடந்த எதற்கும் அந்த ஒரு சொல்லே பொதுப்பெயராகிவிட்டது.

வருகை பற்றிச் சட்டம் சொல்வது தெளிவானது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளிக் கல்வியை உறுதி செய்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் என்று அதன் அட்டவணை வரையறுக்கிறது. பிள்ளையின் வருகை எப்படி இருக்கிறது என்பதைப் பெற்றோரை அழைத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 24-ஆம் பிரிவு. பள்ளி செல்லாக் குழந்தை யார் என்பதற்கு மத்திய கல்வி அமைச்சகம் தந்த விளக்கம் இங்கே முக்கியம். பள்ளியில் சேர்ந்த பிறகு, காரணத்தை முன்கூட்டித் தெரிவிக்காமல் 45 நாட்களோ அதற்கு மேலோ வராத குழந்தை அந்தக் கணக்கில் சேரும். 'தெரிவிக்காமல்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தெரிவித்தால் விடுப்பு, தெரிவிக்காவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தை. ஒரு பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும் என்பதையே முடிவு செய்யும் அந்தத் தகவலை யாரிடம், எப்படிச் சொல்வது என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு யாரும் விளக்கியதில்லை.

உயர் வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை அளவுகோலாகப் பேசப்படுகிறது. 220 நாட்களில் 55 நாட்கள் போனால் அந்தக் கோட்டைத் தொட்டாயிற்று. 55 பெரிய எண்ணாகத் தோன்றலாம். வாரத்துக்கு ஒன்றரை நாள் வீதம் விட்டுப்போனாலே ஓராண்டில் அது நிரம்பிவிடும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. கூடை எடுத்து விற்கப் போகும் தாய் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். தம்பியை எழுப்பி, குளிக்க வைத்து, தலை சீவி, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கு ஓடுவது எட்டாவது படிக்கும் அக்காவின் வேலை. அன்று தண்ணி லாரி வந்துவிட்டால் குடம் பிடிப்பதும் அவள்தான். கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலையைக் கடந்து அவள் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து கேட் சாத்தியிருக்கும். திட்டு வாங்கப் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பத்து நிமிடத் தாமதம் முழுநாள் விடுப்பாகிறது. மறுநாள் கடிதத்தில் காய்ச்சல்.

மழைக்காலக் கதை வேறு. விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். மழை நின்றதும் பள்ளி திறக்கிறது, தெருவில் தண்ணீர் வடிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் கலந்து எர்ணாவூர், எண்ணூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அந்த வீடுகளில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. டிசம்பர் 11 அன்று சென்னையில் பள்ளிகள் திறந்தபோது, பையும் சீருடையும் எண்ணெயில் ஊறிப்போன பிள்ளை எதை உடுத்திக்கொண்டு போயிருக்கும்?

காற்றின் கதைதான் இந்தப் பகுதிக்கே உரியது. அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது அரையாண்டு விடுமுறைக் காலம் என்பதால் வருகைப் பதிவேட்டில் அந்த இரவுக்குச் சுவடே இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் 30 பேருக்கும் மேல் தொண்டை எரிச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தீபாவளி கழிந்து நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மறுபடி பிள்ளைகளுக்கு உடல்நிலை கெட்டது. பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டு நியாயம் கேட்டனர். இப்படி ஒன்று நடந்த பிறகு மகளை நான்கு நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் தாய் தவறு செய்யவில்லை. மற்றவர் செய்யத் தவறிய பாதுகாப்பை அவர் செய்கிறார். அந்த நான்கு நாளும் பிள்ளையின் கணக்கிலேயே கழிகின்றன என்பது அநீதி.

காரணம் தெரிந்தபோதெல்லாம் தமிழ்நாடு அதற்கு மருந்து கண்டிருக்கிறது. பசியால் பிள்ளைகள் வரவில்லை என்று புரிந்த 1920-இல், வடசென்னையோடு பெயர் ஒன்றிப்போன பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டது. அந்தப் பந்தி காமராசர் காலத்தில் 1956-இல் விரிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவும் சேர்ந்தது. நூறாண்டு வரலாறுள்ள இந்தப் பணி, பிள்ளை ஏன் வரவில்லை என்று யாரோ ஒருவர் உண்மையாகக் கேட்டதில் தொடங்கியது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளுக்குச் சுமார் 50,000 பேர் வராதபோது மாநிலமே திடுக்கிட்டது. ஆண்டு முழுதும் காரணம் கேட்டுக் குறித்து வைத்திருந்தால் அந்த எண் தேர்வு நாளன்று வந்து திடுக்கிட வைத்திருக்காது.

இங்கிலாந்தில் பிள்ளை வராத முதல் நாளே பெற்றோர் பள்ளிக்குச் சொல்ல வேண்டும். நோய்க்கு ஓர் எழுத்து, மருத்துவரைப் பார்க்கப் போனதற்கு ஓர் எழுத்து, போக்குவரத்து முடங்கியதற்கு ஓர் எழுத்து எனப் பதிவேட்டில் தனித்தனிக் குறியீடு உண்டு. அனுமதியின்றி வராத நாட்கள் கூடினால் 2024 ஆகஸ்டு முதல் 80 பவுண்டு அபராதம். அந்த அபராதம் இங்கே வேண்டாம், தினக்கூலி வீட்டில் அது அடுப்பை அணைத்துவிடும். அந்த எழுத்துகள் வேண்டும். டெல்லியில் காற்றுத் தரக் குறியீடு 450-ஐத் தாண்டினால் என்ன செய்வது என்று எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது. 2024 நவம்பரில் அங்கே வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. தொழிற்சாலை வாயுவோடு அன்றாடம் வாழும் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு எழுத்துமூல ஏற்பாடு கிடைக்க வேண்டும்.

தேவைப்படுவது பெரிய செலவு அல்ல. வருகைச் செயலியில் 'வரவில்லை' என்று தொட்டவுடன் காரணம் கேட்கும் ஒரு கட்டம் போதும். நோய், வெள்ளம், வாயுக்கசிவு, வீட்டு வேலை அல்லது தம்பி தங்கை பராமரிப்பு, கூலி வேலை, சொந்த ஊர்ப் பயணம் என்று தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி அது இருக்கட்டும், ஆசிரியரை எழுத வைக்க வேண்டாம். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதிலேயே அவர்கள் நேரம் கரைகிறது. தாய் லெட்டர் எழுத வேண்டியதில்லை, பேசினால் போதும். 14417 என்ற கல்வி உதவி எண் ஏற்கெனவே இருக்கிறது. 'இன்னிக்கு வர மாட்டா' என்று அதில் சொல்வதையே முறையான அறிவிப்பாக ஏற்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மணலிக்கு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள் மொழியிலேயே பேச வழி வேண்டும். வெள்ளமும் வாயுவும் காரணமான நாட்களை 75 விழுக்காட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அந்த நாட்களின் தொகுப்பு மாதந்தோறும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். உண்மையைச் சொன்ன குடும்பம் அதற்காகத் தண்டிக்கப்பட்டால் மறுவாரமே எல்லோருக்கும் மீண்டும் காய்ச்சல் வந்துவிடும். பட்டறைக்குப் போன பையனின் பெயர் வகுப்பில் உரக்க வாசிக்கப்படக் கூடாது. அந்தத் தகவல் உதவிக்கு மட்டுமே பயன்பட வேண்டும்.

வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய நான்கு மண்டலங்களிலும் அந்த ஒரு கட்டத்தைச் செயலியில் சேர்க்க ஆணையிடுமாறு செயலர் அவர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.